அடியைத் திறந்து காட்டாத பெட்டி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், சர்க்கரை அளவும் கண்ணாடி பவரும் பேசி முடிந்ததும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது: கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு எந்த லாப்டாப் வாங்குவது? விலை கூடிய கேமிங் லாப்டாப்பா, கைக்கு அடக்கமான சிக்கன லாப்டாப்பா? சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோதும் இதே பேச்சு. 'கேமிங்' என்ற சொல் விழுந்ததும் ஒரு தகப்பனார் பக்கத்தில் இருந்த தன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. பள்ளி திறந்து, புதுப் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். அக்கா கட்டடக்கலைப் படிப்பில் இரண்டாம் வருடத்துக்குள் நுழைந்திருந்தாள். மலையாளம் பேசுகிற ஊரில், சாலை என்ற கடைத்தெருவில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. அதற்குப் பின்னால் இருந்த சந்தில் மாடி வீடு எங்களுடையது. கீழே பித்தளையும் வைக்கோலும் சணலும் சேர்ந்த ஒரு நெடி எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் அதில் மஞ்சள் மண்டியின் மணமும் சேரும்.

அக்காவைப் படிக்க அனுப்பும்போதே அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒரு பாடத்தில் நின்றாலும் படிப்பு நின்றுவிடும். தென்காசியில் அத்தை பார்த்து வைத்திருந்த வரனுக்குத் தலையாட்ட வேண்டும். அப்பா கத்திச் சொல்லவில்லை, கடையில் விலை சொல்வதுபோல் ஒரே தடவை சொன்னார். அவர் விலையை இரண்டாம் தடவை சொல்லும் பழக்கம் உள்ளவர் அல்ல.

முதல் வருடம் முழுவதும் அக்கா தாளில்தான் வரைந்தாள். சாப்பாட்டு மேசையை விடப் பெரிய வரைபலகை, டி வடிவ அளவுகோல், தப்பான மைக்கோட்டைச் சுரண்டி எடுக்க ஒரு பிளேடு, படங்களைச் சுருட்டிப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் குழாய். அந்தக் குழாய் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும் என்றாகிவிட்டது.

ஒரு மத்தியானம், அப்பா சாப்பிட வந்திருந்தபோது அக்கா கேட்டாள்.

"அப்பா, எனக்கு ஒரு கேமிங் லாப்டாப் வேணும்."

மோர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. "என்ன டாப்பு?"

"கேமிங் லாப்டாப்."

"கேமுன்னா விளையாட்டுல்லா?"

"ஆமா. ஆனா நான் விளையாடுறதுக்கு இல்ல."

"பின்னே யாரு விளையாடுறதுக்கு?"

அக்கா பொறுமையாக விளக்கினாள். கோட்டில் வரைந்த கட்டடத்துக்கு வெயிலும் நிழலும் போட்டு, ஃபோட்டோ மாதிரி ஆக்க வேண்டும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். சாதாரண லாப்டாப்பில் அது பாதியில் நின்றுபோகும். கேமிங் லாப்டாப்பில் படத்துக்கென்றே தனியாக ஒரு கார்டு உண்டு. காலேஜ் லேபில் போய்ச் செய்யலாமே என்று அப்பா கேட்டார். லேபை அஞ்சு மணிக்கே பூட்டிவிடுவார்கள் என்றாள் அக்கா.

அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கார்டைப் பற்றிக் கவலை இல்லை.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"ஒரு சீனியர்."

"பொண்ணா?"

அக்கா வாயில் இருந்த அப்பளத்தை மென்று முடித்தாள். "பையன்."

அந்த அப்பளம் நொறுங்கிய சத்தத்தை இப்போதும் என்னால் கேட்க முடியும். 

அக்கா ஒரு விளம்பரத் தாளையும் கொண்டுவந்திருந்தாள். அதை ஒளித்து வைக்காமல் டீவி மேலேயே வைத்துவிட்டுப் போனாள். வழுவழுப்பான கறுப்புத் தாள். நெருப்புக் கக்கும் ஒரு மிருகம், அதன் முன்னால் கவசம் போட்ட ஒருத்தன், நடுவில் செவ்வெளிச்சத்தில் லாப்டாப். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல வீடு எங்கட்டி இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். நானும் தேடினேன். இல்லை.

அன்றிலிருந்து வீட்டுத் தொலைபேசியை அம்மாதான் எடுத்தாள். அந்தப் பையன் கூப்பிட்டான். தயங்காமல் பெயரைச் சொன்னான், காலேஜில் சீனியர் என்றான், அக்கா இருக்கிறாளா என்று மலையாளத்தில் மரியாதையாகக் கேட்டான். அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்:

"பேரச் சொல்லுதான் பாருங்க. கொஞ்சமாச்சும் பயம் இருக்கா?"

பெயர் சொல்லாமல் ஃபோனை வைத்திருந்தால் அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்திருப்பாள். அக்கா கூடத்தின் நடுவில் நின்றே பேசினாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை. இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் எதையோ மறைக்கத்தான் பேசுகிறாள் என்று நான்கூட நினைத்தேன்.

இங்கே அப்பாவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உருளியோ குடமோ விளக்கோ, கடைக்கு எது வந்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பிறகு விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பார். அதற்குப் பிறகுதான் தராசு. இந்த ஊரில் குத்துவிளக்கு மாதிரியான நிலவிளக்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அதன் அடிப்பாகம் உள்ளே குடைவாக இருக்கும். எடையைக் கூட்ட, அந்தக் குடைவில் அரக்கையும் மணலையும் அடைத்துத் தகடு வைத்துப் பற்றவைத்து விற்கிறவர்கள் இருந்தார்கள். கடை தொடங்கிய காலத்தில் அப்பா அப்படி ஒரு வண்டி நிறைய விளக்கு வாங்கி ஏமாந்திருக்கிறார். அதிலிருந்து, அடியைத் திறந்து காட்டாத எந்தச் சாமானும் அவருக்குக் கள்ளச் சாமான்தான்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கடை. அப்பா, அக்கா, நான் மூவரும் போனோம். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே ஏசி குளிரில் என் நனைந்த பாவாடை காலில் ஒட்டியது. கடைக்காரர் அப்பாவின் வேட்டியையும் திருநீற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வா அண்ணாச்சி, இரிக்கு" என்று உட்காரச் சொன்னார். சாலையிலிருந்து வருகிற தமிழ் வியாபாரி யாராக இருந்தாலும் இந்த ஊரில் அண்ணாச்சிதான்.

மேசையில் இரண்டு லாப்டாப்புகளை வைத்தார். ஒன்று கறுப்பு, தடிமன், மூலையில் சிவப்பு விளக்கு. மற்றது சாம்பல் நிறம், பள்ளிக்கூட நோட்டை விடக் கொஞ்சம் பெரிசு. அப்பா இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிக் கைகளை நீட்டி, தராசு மாதிரி நின்றார். பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கறுப்பைக் கவிழ்த்துப் போட்டு முட்டியால் ரெண்டு தட்டு தட்டினார்.

"அய்யோ, தட்டல்லே அண்ணாச்சி, தட்டல்லே!"

"அடியில என்ன அடைச்சிருக்கு?"

"ஒந்நும் அடைச்சிட்டில்ல. ஃபேன் உண்டு, செம்பு பைப்பு உண்டு. சூடு வெளியே போகணும் அல்லே?"

"செம்பா?" அப்பாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "எங்க, திறந்து காட்டுங்க."

"அது பற்றில்ல" என்று கையை விரித்தார் கடைக்காரர். " திறந்தா வாரண்டி போகும்."

அப்பா மெல்ல நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை விசாரணை முடிந்துவிட்டது. "விளக்குக்காரனும் இதத்தான் சொன்னான். திறந்தா பாலிஷ் போயிரும்னான்."

"அப்பா, இது விளக்கு இல்ல."

"எடை கூட, விலை கூட, அடியத் திறக்க மாட்டான். பின்னே என்னது?"

கடைக்காரர் வியாபாரம் தெரிந்தவர். கறுப்பை ஓரமாகத் தள்ளினார். "மோளுக்கு இது மதி, அண்ணாச்சி. பஸ்ஸில் கொண்டுபோகான் சுகம், விலையும் குறவு" என்று, மகளுக்கு இதுவே போதும் என்பதாகச் சாம்பலை முன்னால் நகர்த்தினார்.

"இதுல ஓடாது" என்றாள் அக்கா.

"ஓடும் மோளே, எல்லாம் ஓடும். கொறச்சு மெதுவா ஓடும், அவ்வளவே உள்ளு."

"மெதுவா ஓடினா நல்லதுதான்" என்றார் அப்பா. "எதுக்கு இவ்வளவு அவசரம்?"

சாம்பலை வாங்கிக்கொண்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீடு திரும்பினோம். தேங்காயையும் அக்காவையே உடைக்கச் சொன்னார் அப்பா. அவள் வீசிய வேகத்தில் ஒரு சில்லு பக்கத்தில் நின்றவரின் தோள்வரை பறந்தது.

லாப்டாப்பைக் கூடத்தில், அடுக்களையிலிருந்து திரை தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அக்கா வைத்தாள். வரைந்தவரை ஒன்றும் தொந்தரவில்லை. ரெண்டரிங் தொடங்கினால்தான் அது திணறும். படம் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக வரும். காப்பி நேரத்துக்குக் கூரை வரும், விளக்கு வைக்கும்போது சுவர் வரும், வாசல் வருவதற்குள் திரை உறைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேறு வேலை செய்தால் இன்னும் தாமதமாகும் என்பதால், அக்கா கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுக்களையிலிருந்து பார்க்கும் அம்மாவுக்கு வேறு ஒன்று தெரிந்தது.

"ஒண்ணுமில்லாத இடத்தையே வெறிச்சுப் பாக்கா. சோறும் இறங்கல. எனக்குத் தெரியாதா இது என்ன சீக்குன்னு?"

இன்று யோசித்தால் அம்மா கண்டது எல்லாமே சரிதான். அக்கா வெறித்துப் பார்த்தாள், சோறு இறங்கவில்லை, பெருமூச்சு விட்டாள். காரணம் மட்டும் திரையில் பாதி வந்து நின்ற ஒரு சுவர்.

ஆடி பிறந்ததும் அக்கா வீடு திரும்ப நேரமாகத் தொடங்கியது. கேட்டால் ஒளிக்கவில்லை. "சீனியர் வீட்ல அவன் கேமிங் லாப்டாப்ல ரெண்டர் போடுறேன். இங்க ஓட மாட்டேங்குது. சமர்ப்பிக்கலைன்னா அந்தப் பாடம் போச்சு." அம்மா அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்து, ஒரு சனிக்கிழமை என்னைக் கூட அனுப்பினாள். "கண்ண நல்லாத் திறந்து வச்சுக்கோ" என்று என் காதில் சொன்னாள்.

பூஜப்புரைப் பக்கம் சீனியரின் ஓட்டு வீடு. எதை எதிர்பார்த்துப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. பார்த்தது இதுதான். கூடத்தில் இஸ்திரி போடும் மேசை. அதன் மேல் கடையில் பார்த்த மாதிரியே ஒரு கறுப்புப் பெட்டி, அரிசி ஆட்டும் கிரைண்டர் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் சூடான காற்று வந்தது. மழையில் துணி காயாததால் அவனுடைய அம்மா, இளைய மகனின் பள்ளிக்கூடக் காலுறைகளை அந்தக் காற்றில் தொங்கவிட்டிருந்தார். ஈரக் காலுறையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. அக்காவின் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் தரையில் சாய்ந்து, தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி தின்றார்கள்.

அந்தச் சீனியர் ஒல்லி. பல்லில் கம்பி கட்டியிருந்தான். அக்காவுக்கு நாற்காலியை விட்டுவிட்டு நின்றான். நாங்கள் இருந்த நேரம் முழுவதும் அவளிடம் பேசியது ஒரே சொல்: "கழிஞ்ஞோ?" முடிந்ததா என்று. வீட்டில் ஒரு மாலை முழுவதும் எடுத்தும் வராத வாசல், நான் ஒரு பழம்பொரி தின்று முடிப்பதற்குள் வெயிலோடும் நிழலோடும் திரையில் வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "அம்மா கேட்டா உள்ளதைச் சொல்லு. எதையும் மறைக்காத."

அவள் மனதில் களவு இல்லை என்பதற்கு அதுவே சான்று என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்: அவன், அவன் அம்மா, தம்பி, இரண்டு பெண்கள், காலுறை. அம்மா முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கே அப்பாவிடமும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் அங்கே இருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். கடையை மத்தியானமே பூட்டியிருக்க வேண்டும். சனிக்கிழமை வியாபாரத்தை அவர் விட்டதாக எனக்கு வேறு நினைவு இல்லை. குடையிலிருந்து சொட்டும் தண்ணீரோடு வாசலில் நின்றார். அந்த வீட்டம்மா உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நேராகப் பெட்டியிடம் போனார். அது அக்காவின் படத்தைப் பாதி முடித்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்கு மேலே பிடித்து, அடியைப் பார்த்தார்.

"அங்கிள்!" என்று அந்தப் பையன் கத்தினான். காலுறைகள் தரையில் விழுந்தன. அக்கா மட்டும் அசையவில்லை.

அடியில் கம்பிச் சல்லடை மாதிரித் துளைகள். உள்ளே விசிறி சுழல்வது தெரிந்தது. அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நன்றாகப் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் மெல்லக் கீழே வைத்தார்.

"காத்தாடிதான்" என்றார். "சாமான் சுத்தம். இடந்தான் சரியில்ல."

பிறகு பையனிடம் திரும்பினார். "தம்பி, இனி என் மக இங்க வர மாட்டா. நீயும் எங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணப்பிடாது. உன்னை மாதிரிப் பையன்கள எனக்குத் தெரியும்."

"அதெந்தா அண்ணாச்சி அங்ஙனே பறயுந்நே? பிள்ளேர் படிக்கயல்லே?" என்றார் அவன் அம்மா. பிள்ளைகள் படிக்கத்தானே செய்கிறார்கள், ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று.

"படிக்கட்டும். எங்க வீட்ல இருந்து படிக்கட்டும்."

பையன் குனிந்து காலுறைகளைப் பொறுக்கினான். காதுகள் சிவந்திருந்தன. அக்கா தன் படத்தை ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. அதற்கடுத்த நாள் தம்பானூர் கடை திறந்ததும் அப்பா அதே மாதிரிக் கறுப்புப் பெட்டியை வாங்கி வந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. கூடத்து மேசையில் வைத்து, அக்காவைக் கூப்பிட்டார்.

"இனி வெளிய போக ஒரு காரணமும் இல்ல. அல்லே?"

"இல்லப்பா" என்றாள் அக்கா.

அந்த வருடம் அவள் எல்லாப் பாடத்திலும் தேறினாள். அடுத்த வருடங்களிலும் தேறினாள். தென்காசி வரன் வேறு இடத்தில் முடிந்தது. மகளைக் காப்பாற்றியது தன் கண்தான் என்று அப்பா கடைசிவரை நம்பினார். கடைக்கு வருகிறவர்களிடம் பெயர் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்வார். அம்மா இன்றும் சொல்கிறாள்.

அக்கா இப்போது பெங்களூரில் கட்டடம் வரைகிறாள். அவள் போன முறை வந்தபோது வழியனுப்பத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு நான்தான் போனேன். ரயில் தாமதம். பிளாட்ஃபாரத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தோம். என்னோடு வேலை செய்கிற ஒருத்தி அக்காவின் காலேஜில் ஒரு வருடம் பின்னால் படித்தவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் பேச்சுவாக்கில் சொன்ன ஒன்று என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க காலேஜ் லேப எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று உடனே புரிந்துவிட்டது.

"எட்டு மணிக்கு."

"அங்க ரெண்டர் ஓடுமா?"

"நல்லா ஓடும். இடம் கிடைக்கத்தான் தள்ளுமுள்ளு. அதை வச்சு நான் பாஸ் ஆகியிருப்பேன். பாஸ் மட்டும்தான் ஆகியிருப்பேன்."

"அப்ப அஞ்சு மணின்னு நீ சொன்னது..."

"எனக்குன்னு ஒண்ணு வேணும்ட்டி. நேரா கேட்டேன், காரணம் சொல்லிக் கேட்டேன், கடை வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். தரல. சந்தேகப்பட வச்சேன். ஒரே மாசத்துல வந்துது."

டீவி மேல் கிடந்த விளம்பரத் தாள், கூடத்தின் நடுவில் நின்ற உரத்த பேச்சு, 'உள்ளதைச் சொல்லு' என்று பஸ்ஸில் சொன்னது, எல்லாம் என் தலைக்குள் வரிசையாக இடம் மாறி உட்கார்ந்தன. எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தேகப்பட்டோம். ஒருத்தருக்கும் சரியான விஷயத்தில் சந்தேகம் வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையன்?" என்றேன்.

"அப்பா அங்க வருவாருன்னு எனக்குத் தெரியும். வந்தா அவன எப்படிப் பேசுவாருன்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் போனேன்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை காலேஜ் வாசல்ல எனக்காகக் காத்துக்கிட்டு நின்னான். மழையில நனைஞ்சுக்கிட்டே நிக்கான். என்னால உனக்கு வீட்ல பிரச்சினை ஆயிட்டுது, மன்னிச்சிருன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"பரவாயில்லன்னு சொன்னேன்."